தடித்த வட்ட எழுத்துரு எல்லா அளவுக்கும் பொருந்தாது

பாலூ தம்பி எழுத்துருவுக்கு ஒரே தடிப்புத்தான் உண்டு, ஆனாலும் அது எந்த அளவிலும் தெளிவாகத் தெரிவதால் திருகோணமலைக் கடைகளின் பெயர்ப்பலகைக்கும் விலைப்பட்டியலுக்கும் அதையே பாவிக்கலாம் என ஒருவர் எழுதியிருப்பது பாதி மட்டுமே சரியானது. ஏக் டைப் குழுவினர் வடிவமைத்த இந்த எழுத்துரு, பருத்த கோடுகளும் மழுங்கிய முனைகளும் கொண்டது. உள்துறைமுக வீதியில் முச்சக்கரவண்டியில் போகிறவர்கூட அதில் எழுதிய இரண்டு சொற்களை ஒரே பார்வையில் வாசித்துவிடுவார். ஆனால் அளவு சிறுத்தால், அதே பருத்த கோடுகள் எழுத்தின் உள்வெளியை அடைத்துவிடுகின்றன: ண, ன ஆகியவற்றின் சுழிகளைப் பிரித்தறிவது கடினமாகும், கி, கீ வேறுபாடு மங்கும், மலிவான தாளில் மை பரவினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒரே தடிப்பு என்பது முதல் வெளியீட்டுக்கு மட்டுமே பொருந்தும், அதன் அடுத்த வெளியீடான பாலூ தம்பி 2 சாதாரணம் முதல் மிகத் தடித்தது வரை 5 நிலைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. எனினும் விலைப்பட்டியலின் சிறிய வரிகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற, வாசிப்புக்கென அமைந்த எழுத்துருவே ஏற்றது. தலைப்பை மட்டும் பாலூவில் விடலாம்.