எஸ்டோனியாவில் ஓடும், எல்லை தாண்டினால் நொண்டும்

எஸ்டோனியா, பதிமூன்று லட்சம் பேர் வாழும் நாடு. ஸ்கைப், வைஸ் (நாடு விட்டு நாடு பணம் அனுப்புவது), போல்ட் (வாடகைக் கார்), பைப்டிரைவ் (விற்பனை மேலாண்மை மென்பொருள்) என்று பெயர்களை அடுக்கிவிட்டு, “சின்ன நாடாக இருப்பதே வசதி, முதல் நாளிலேயே உலகச் சந்தையை யோசித்துவிடுவார்கள்” என்று சொல்வது ஸ்டார்ட்அப் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. பாதி உண்மை. சொல்லாமல் விடும் பாதி இது: ஒரு செயலி எஸ்டோனியாவில் நன்றாக ஓடுவது, வெளியே ஓடும் என்பதற்குச் சாட்சி ஆகாது. உள்ளூரில் அதன் வேலையில் பாதியை அரசாங்கம் செய்து கொடுத்துவிடுகிறது.

2002 முதல் அங்கே மின்னணு அடையாள அட்டை இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லோரிடமும் உண்டு. உள்நுழைய, ஒப்பந்தத்தில் கையெழுத்திட, ஆள் அவர்தானா என்று சரிபார்க்க எல்லாவற்றுக்கும் அதுதான். அரசுப் பதிவேடுகள் 2001இல் வந்த எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பு வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. தலைநகர் டாலினில் இரண்டே நிமிடத்தில் முடியும் வாடிக்கையாளர் சேர்ப்பு, அந்த வசதி இல்லாத நாட்டில் பாஸ்போர்ட் படம், செல்ஃபி, முகவரிச் சான்று, கைமுறைச் சரிபார்ப்பு என்று இழுக்கும். ஒவ்வொரு படியிலும் சிலர் கழன்றுகொள்வார்கள். சரிபார்க்கும் நிறுவனத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணமும் கட்ட வேண்டும். உள்ளூர்க் கணக்கில் இந்தச் செலவுக்கு ஒரு வரிகூட இருந்திருக்காது.

இதன் மோசமான வடிவம் தரவுத்தளத்தில் ஒளிந்திருக்கும். எஸ்டோனியர் ஒவ்வொருவருக்கும் 11 இலக்கத் தனிநபர் எண் உண்டு. முதல் இலக்கம் பாலினத்தையும் நூற்றாண்டையும் சொல்லும், அடுத்த ஆறு பிறந்த தேதி. பயனர் அட்டவணைக்கு இதையே முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு பயனரையும் தனித்துக் காட்டும் அடையாளமாக) வைப்பது நிரலாளருக்குச் சுலபம். அடுத்த நாட்டில் அப்படி ஓர் எண் இல்லையென்றாலோ, இருந்தும் தனியார் கேட்கக் கூடாது என்றாலோ, அட்டவணைகளை எல்லாம் பிரித்துக் கட்ட வேண்டியதுதான். இன்னொன்று, சின்னது ஆனால் எரிச்சலூட்டுவது: அங்கே ஒன்றரையை 1,5 என்று எழுதுவார்கள். அந்த எண் இருக்கும் சிஎஸ்வி கோப்பை (அட்டவணைத் தரவை எளிய எழுத்தாக வைக்கும் கோப்பு, அமெரிக்காவில் கட்டங்களைப் பிரிப்பது காற்புள்ளி) அமெரிக்க வாடிக்கையாளர் திறந்தால் ஒரு எண் இரண்டு கட்டமாக உடையும்.

புகழ்பெற்ற நிறுவனங்கள் வெளியே போன விதத்தைப் பாருங்கள். வைஸ் 2011இல் தொடங்கியதே லண்டனில். நிறுவனர்களில் ஒருவருக்குச் சம்பளம் யூரோவில், செலவு பவுண்டில். மற்றவருக்குச் சம்பளம் பவுண்டில், வீட்டுக் கடன் எஸ்டோனியாவில். பிரச்சினை எங்கே இருந்ததோ அங்கேயே கடை போட்டார்கள். பவுண்டு பிரிட்டன் கணக்கில் விழும், யூரோ யூரோ கணக்கிலிருந்து போகும், பெரும்பாலும் பணம் எல்லையைத் தாண்டுவதே இல்லை. நுட்பம் எளிது, கஷ்டம் உரிமத்தில். பிரிட்டன் உரிமத்தை வைத்து ஐரோப்பா முழுக்க இயங்கும் வசதி பிரெக்சிட்டால் 2020 முடிவில் போனபோது, பெல்ஜியத்தில் தனி உரிமம் கையில் இருக்க வேண்டியிருந்தது.

போல்ட் (அப்போது டாக்ஸிஃபை) இதே பாடத்தை அடிபட்டுக் கற்றது. 2017 செப்டம்பரில், ஏற்கெனவே உரிமம் இருந்த ஒரு லண்டன் நிறுவனத்தை வாங்கி அதன் பேரில் ஓட்டப் பார்த்தது. போக்குவரத்து ஆணையம் ஒத்துக்கொள்ளவில்லை, சில நாட்களிலேயே சேவை நின்றது. திரும்ப வந்தது 2019இல். ஆப்பிரிக்க நகரங்களில் வேறு கதை: கார்டு இல்லாதவர்களிடம் ரொக்கம் வாங்க வேண்டும். ரொக்கம் ஓட்டுநர் கையில் போய்விடும், நிறுவனத்தின் கமிஷன் அவர் பேரில் கடனாக ஏறும். கடன் ஓர் அளவைத் தாண்டினால் ரொக்கப் பயணங்களை நிறுத்தி வைக்க வேண்டும். டாலினுக்கு எழுதிய நிரலில் இப்படிக் கடன் கணக்கு ஒன்று வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

அடுத்தது விற்பனை மேல் விழும் மதிப்புக் கூட்டு வரி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுகர்வோருக்கு டிஜிட்டல் சேவை விற்று, மற்ற உறுப்பு நாடுகளின் மொத்த விற்பனை ஆண்டுக்கு 10,000 யூரோவைத் தாண்டினால், வாங்குபவரின் நாட்டு வரி விகிதம்தான் பொருந்தும். லக்சம்பர்க்கில் 17, ஹங்கேரியில் 27 சதவீதம். 2015இலிருந்தே ஒரே காலாண்டு அறிக்கையில் எல்லா நாட்டையும் காட்டிவிடலாம். ஆனால் வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும்: பில் முகவரி, ஐபி முகவரி, கார்டு வழங்கிய வங்கியின் நாடு. முதல் நாளே இவற்றைச் சேமிக்காவிட்டால் பின்னால் எங்கிருந்து எடுப்பது?

அமெரிக்காவுக்கு அவசரப்பட்டு ஓடுவதுதான் என் பார்வையில் ஆகப் பெரிய தவறு. டெலவேர் மாநிலத்தில் நிறுவனம் பதிவது சுலபம். ஒரு கோடி பங்குகளுக்கு அனுமதி வாங்கி வைத்தவருக்கு முதல் மார்ச்சில் 85,165 டாலர் ஃப்ரான்சைஸ் வரி (அங்கே பதிந்த நிறுவனத்துக்கு மாநிலம் போடும் ஆண்டு வரி) என்று அறிவிப்பு வரும். பதற வேண்டாம், அது பங்கு எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு. சொத்து மதிப்பை வைத்துக் கணக்கிட்டால் சொத்து அதிகமில்லாத நிறுவனத்துக்குக் குறைந்தபட்சம் 400 டாலரோடு முடியும். பதறக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. தாய் நிறுவனம் டாலினில் இருந்தால், இரண்டுக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலை அமெரிக்க வரித் துறையின் படிவம் 5472இல் காட்ட வேண்டும். மறந்தால் அபராதம் 25,000 டாலர். பெரிய வாடிக்கையாளர் எஸ்ஓசி 2 இரண்டாம் வகை அறிக்கை (தரவுப் பாதுகாப்பு முறைகள் ஒழுங்காக இயங்கினவா என்று சொல்லும் தணிக்கை அறிக்கை) கேட்பார். அதற்கான கண்காணிப்புக் காலம் மட்டுமே மூன்று முதல் பன்னிரண்டு மாதம். கேட்ட பிறகு தொடங்கினால் அந்த ஒப்பந்தம் கை நழுவியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

(எஸ்டோனியா வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் இ-ரெசிடென்சி வாங்கினால் எஸ்டோனிய வரி மட்டும் போதும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஒரு டிஜிட்டல் அடையாளம், அவ்வளவே. விசாவும் கிடையாது, வரிக் குடியுரிமையும் கிடையாது.)

இரண்டாவது நாடு எது என்றால் என் ஓட்டு போலந்துக்கு. லாட்வியா மிகச் சின்னது, எஸ்டோனியாவோடு மிக ஒத்தது, அங்கே எதுவும் உடையாது. போலந்தில் எல்லாம் உடையும், ஆனால் ஒன்றியச் சட்டத்துக்குள்ளேயே உடையும். யூரோ இல்லை, ஸ்வாட்டி. பன்மைக்கே வேறு வேறு வடிவம்: 2 முதல் 4 வரை ஒன்று, 5 என்றால் இன்னொன்று. “எண் + கோப்புகள்” என்று ஒட்டவைத்த நிரலெல்லாம் முதல் வாரத்திலேயே பல்லிளிக்கும். பணம் கட்டும் பக்கத்தில் கார்டை மட்டும் வைத்தாலும் விற்பனை அடிவாங்கும். வங்கிச் செயலியில் வரும் ஆறு இலக்க பிளிக் குறியீட்டைப் போட்டுப் பழகியவர்கள், அதற்கான கட்டம் எங்கே என்று தேடுவார்கள். காணவில்லையென்றால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.