கரண்ட்டைச் சுவர் மிச்சம் பிடிக்கட்டும், அந்தப் பெண்களை விட்டுவிடுங்கள்

குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கான காப்பகத்தைக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும்படி கட்டலாம் என்று யாராவது சொன்னால், உடனே சோலார் பேனல் படத்தைக் காட்டுகிறார்கள். அடுத்தது, ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே 'வெளியே போகும்போது விளக்கை அணைக்கவும்' என்று ஒரு ஸ்டிக்கர். பேனல் இருக்கட்டும். என் கோபமெல்லாம் அந்த ஸ்டிக்கர் மேல்தான்.

"லைட்டை ஏன் போட்டே? கரண்ட் பில்லை உங்கப்பனா கட்டுறான்?" என்று கேட்டே அடிக்கிற வீடுகள் உண்டு. பணத்தையும் ஃபேன் சுவிட்சையும் ஒரே ஆள் கையில் வைத்துக்கொண்டு ஆட்டிப்படைப்பதும் வன்முறைதான். அங்கிருந்து ஓடி வந்தவளிடம் இன்னொரு சுவரும் கணக்குக் கேட்கக் கூடாது. மிச்சம் பிடிக்கிற வேலையைக் கட்டிடமே செய்ய வேண்டும்.

அதற்கு வழி புதிதல்ல. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1991-ல் ஆட்கள் குடியேறிய முதல் 'பாசிவ் ஹவுஸ்' இந்த எண்ணத்தில் எழுந்ததுதான். கனமான வெப்பக்காப்பு, காற்றுக் கசியாத சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல். அந்த முறையில், அறையைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட் வெப்பம் போதும். வெயில் நாடு என்றால் கூரைக் காப்பும் ஜன்னலுக்கு வெளியே நிழலும் முதலில் வரும். யாரும் எதையும் அணைக்காமலே பில் இறங்கும். கட்டிடம் கட்ட நன்கொடை தருகிறவர்கள் மாதா மாதம் பில் கட்ட முன்வருவது அரிது என்பதால், காப்பகம் நடத்துகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

இன்னொன்றும் இருக்கிறது. பயந்து வந்தவள் ஜன்னலைத் திறக்க மாட்டாள். பத்துக் குடும்பம் சமைத்து, குளித்து, துணி உலர்த்தும் வீட்டில் ஜன்னல் மூடியே கிடந்தால் சுவரில் பூஞ்சை ஏறும், குழந்தைக்கு இளைப்பு வரும். வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் புதுக் காற்றுக்கு மாற்றித் தரும் காற்றோட்டக் கருவி இருந்தால், தாழ்ப்பாள் போட்டபடியே நல்ல காற்று கிடைக்கும். ஜன்னல் சரியாக அமைந்தால் தெருவில் ஒருவன் கத்துவதும் அமுங்கும். ஆனால் வெளிச்சத்தம் குறைந்தால் பக்கத்து அறை அழுகை தெளிவாகக் கேட்கும். உள்சுவர்களுக்கும் ஒலித்தடுப்பு போடாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் சென்சார் விளக்கு எனக்கு அறவே பிடிக்காது. நடு ராத்திரியில் கதவிடுக்கில் திடீரென்று வெளிச்சம் விழுந்தால் உள்ளே படுத்திருப்பவள் என்ன நினைப்பாள்? நடையில் 5 வாட் எல்இடி ஒன்று நாள் முழுக்க எரிந்தாலும் 0.12 யூனிட்தான். எரியட்டுமே!

ஸ்மார்ட் கருவிகள் அதைவிட மோசம். முன்னாள் கணவன் போனிலிருந்தே வீட்டு ஏசியை ஏற்றி இறக்கி, கேமராவில் வேவு பார்த்து மிரட்டியதைச் சொன்ன பெண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சூட்டைக் கூட்டிக் குறைக்க அறைக்கு ஒரு சாதாரணத் திருகு குமிழ் போதும். அதைத் திருகும் உரிமை அவளுக்கு மட்டும்.

பசுமைக் கட்டிடக்காரர்களுக்குக் கசக்கிற விஷயம் விளம்பரம்தான். விருது, வாசலில் சான்றிதழ்ப் பலகை, பார்வையாளர் நாள், சோலார் உற்பத்தியை வரைபடத்தோடு ஊருக்கே காட்டும் இணையப் பக்கம் எதுவும் ரகசிய முகவரிக்கு ஆகாது. நெதர்லாந்தின் அல்க்மாரில் 2011-ல் திறந்த 'ஆரஞ்சு வீடு' என்ற பெண்கள் காப்பகம் முகவரியை மறைக்காமலே, பலத்த பாதுகாப்போடு நடக்கிறது. அது அவர்கள் யோசித்து எடுத்த முடிவு. கட்டிடக் கலைஞரின் ஃபோட்டோ ஆசைக்காக ஒரு முகவரி வெளியே வருவது வேறு.

பணம் பற்றாக்குறை என்றால் பேனலைத் தள்ளிப் போடுங்கள். கூரையில் பிறகும் ஏற்றலாம். கதவுப் பூட்டு, கேமரா, அவசர விளக்கு இவற்றுக்கான பேட்டரியை மட்டும் முதல் நாளே வாங்கிவிடுங்கள், கரண்ட் போகிற நேரம் பார்த்து அவன் வரலாம். சுவர், ஜன்னல், காற்றோட்டக் குழாய் இந்த மூன்றிலும் கை வைக்காதீர்கள். ஆட்கள் நிரம்பிய காப்பகத்தைக் காலி செய்துவிட்டுச் சுவரை உடைக்க முடியாது. அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை என்பதால்தானே இதைக் கட்டுகிறோம்?