இல்லாத விமானத்துக்கு முக்கால் மணி நேரம்

மதுரையிலிருந்து கோயம்புத்தூருக்கு விமானத் தொலைவு 175 கிலோமீட்டர், பயண நேரம் முக்கால் மணி என்று இணையப் பக்கங்களில் இரண்டே வரியில் எழுதி வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: அந்த விமானம் எங்கே ஐயா நிற்கிறது? இவ்விரு ஊர்களுக்கும் இடையே நேரடிச் சேவையே கிடையாது. இல்லாத விமானத்துக்குத் தூரமும் நேரமும் குறித்துக் கொடுப்பதைத் தகவல் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

இந்தக் கணக்குப் பிறக்கும் விதம் இன்னும் எரிச்சலூட்டுகிறது. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை எடுத்து, பூமிப் பரப்பின் மேல் மிகக் குறுகிய கோட்டை இழுத்து, அதை ஜெட் விமானம் உச்சத்தில் பறக்கும் 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணியைச் சேர்த்துவிட்டால் முக்கால் மணி வந்துவிடும். இவ்வளவு குறுகிய தூரத்தில் அந்த வேகத்தை எட்டி நிலைப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும் என்பதோ, இத்தகைய தடங்களுக்கென்றே இருக்கும், விசிறியால் இயங்கும் சிறிய ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் பறக்கும் என்பதோ கணக்குப் போட்டவருக்குப் பொருட்டே இல்லை.

கோவை பீளமேட்டில் இருக்கும் என் மாமனார் இதை அப்படியே நம்புகிறார். "ஏனுங்க மாப்பிள்ளை, பிளைட்டுல முக்கால் மணி நேரந்தான்னு போட்டிருக்குதுங்களே, காலைல கிளம்பினா டிபனுக்கு வந்தரலாமுங்களே" என்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

உண்மையில் பறந்துதான் போவேன் என்று அடம்பிடித்தால் பெரும்பாலும் சென்னை வழியாகத்தான் போக வேண்டும். மதுரை - சென்னை ஏறத்தாழ 415 கிலோமீட்டர், சென்னை - கோவை ஏறத்தாழ 405. ஆக, 175 கிலோமீட்டருக்குப் பதில் 820 கிலோமீட்டர் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும். செக்-இன் கவுண்டரை ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள் என்பதால், பெருங்குடியில் இருக்கும் மதுரை விமான நிலையத்துக்கு அதற்கும் முன்பே போய்ச் சேர வேண்டும். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்திருந்தால் சென்னையில் பெல்ட்டருகே பெட்டிக்குக் காத்திருந்து, அதை இழுத்துக்கொண்டு வெளியேறி, மறுபடி வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி இடுப்பு வாரைக் கழற்றித் தட்டில் வைத்து, மறுபடி காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. அதே வேளையில் ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறியவர் ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் தாண்டிச் சிங்காநல்லூரில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டு முடித்திருப்பார். (அவர் கொடுத்த கட்டணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், வயிறு எரியும்.)

நேரடி விமானம் உண்டா இல்லையா என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் எந்த ஊரில் மாற வேண்டும், வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மணி ஆகும் என்று சொல்லுங்கள். அதைச் செய்யாமல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் வான்வழித் தூரம் 123 கிலோமீட்டர் என்று கூச்சமில்லாமல் அடுத்த வரியில் போடுகிறார்கள். நான்கு வழிச் சாலையில் இரண்டரை மணிக்குள் போய்விடக்கூடிய அந்த ஊருக்கு, மதுரை விமான நிலையத்தருகே மண்டேலா நகரில் யார் விமானம் கேட்டு நிற்கிறார்கள்?