மீன் ஆய்கிற கை

எங்கள் மாதா கோயில் ஞாயிறு பூசையில் நன்மை, அதாவது சாமியார் தரும் அப்பம், வாங்குவதற்குச் சற்று முன்னால் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொல்வார்கள். எல்லோரும் கைகூப்பி இந்தப் பக்கம் ஒரு தலையசைப்பு, அந்தப் பக்கம் ஒரு தலையசைப்பு. அரை நிமிடம்கூட ஆகாது. நாங்கள் புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருந்த காலத்தில், ஒன்பது வருடம், என் அப்பா அந்த அரை நிமிடத்தில் ஒரு பக்கம் மட்டும் திரும்பவே மாட்டார். அந்தப் பக்கம் சித்தப்பா உட்கார்ந்திருப்பார்.

தாத்தா வீட்டைப் பிரித்தபோது வந்த தகராறு. நடுச்சுவர் யாருக்கு, எங்கள் ஓட்டுத் தண்ணீர் அவர்கள் வாசலில் விழலாமா கூடாதா என்று ஆரம்பித்து ஸ்டேஷன், கோர்ட்டு வரை போய்விட்டது. உறவுக்காரர்கள் பலர் பேசிப் பார்த்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் போகும்போது ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டு போனார்கள்.

கடைசியில் சேர்த்துவைத்தவர் எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவரும் ஆயா. பூசைக்குத் தவறாமல் வருவார், பின்னால் தரையில் உட்காருவார், முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். இரண்டு வீட்டுக்கும் அவர்தான் மீன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் எங்கள் வீடுகளில் கவுச்சி கிடையாது, அவருக்கு வியாபாரமும் கிடையாது. ஆனால் அந்த வருடத் தவக்காலத்தில் வெறுங்கையோடு சாயங்காலம் சாயங்காலம் வந்தார். எங்கள் திண்ணையில் கொஞ்ச நேரம், அப்புறம் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம். "அவன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்னு சொல்லு" என்று அப்பா இங்கே கத்துவார். ஆயா அங்கே போய், "உங்க அண்ணன் ரொம்ப இளைச்சிட்டாரு தம்பி" என்பார். அதுவும் உண்மைதான், அப்பா அப்போது இளைத்துத்தான் இருந்தார்.

பல வருடம் கழித்து இதை ஆயாவிடம் கேட்டேன். "மீன் ஆயும்போது செதிலையும் குடலையும் எடுத்துப் போட்டுட்டுத்தானே குடுக்கிறேன், பேச்சையும் அப்படித்தான்" என்றார்.

அந்தத் தவக்காலத்தில் ஒரு நாள் ஆயா அப்பாவிடம் நேராகச் சொன்னார்: "தண்ணிய உன் பக்கமே திருப்பிக்க. என்ன பெருசா செலவு ஆயிடப்போவுது?" அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஆள் கூட்டிவந்து ஓட்டுக்குக் கீழே தகரத் தூம்பு வைத்தார். ஒரு வாரத்தில் சித்தப்பா வழக்கை வாபஸ் வாங்கினார். பாஸ்கா (ஈஸ்டர்) இரவுப் பூசையில் அப்பா அந்தப் பக்கம் திரும்பிக் கைகூப்பியதைப் பார்த்து அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மலைப்பொழிவில் இயேசு பாக்கியவான்கள் என்றது யாரை? மத்தேயு 5:9ஐ எடுத்துப் பாருங்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் "சமாதானம்பண்ணுகிறவர்கள்" என்று இருக்கிறது. சமாதானமாக இருப்பவர்கள் என்று இல்லை. பண்ணுவது வேலை. சோறு பொங்குவதுபோல, கூடை சுமப்பதுபோல, உடம்பு நோகும் வேலை. அதே அதிகாரத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: காணிக்கையோடு பீடத்துக்கு வந்த பிறகு சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு. தப்பு யார் பேரில் என்று முடிவு பண்ணிவிட்டுப் போ என்று சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணிடம், "குடும்ப சமாதானத்துக்காகப் பொறுத்துப் போம்மா" என்று ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சமாதானம் இல்லை. அடிக்கிறவனுக்குத் துணை போவது.

அமைதியாக இருப்பது வேறு, சமாதானம் பண்ணுவது வேறு என்பதற்கு நம் புதுச்சேரியிலேயே சாட்சி இருக்கிறது. மிஷன் வீதியில் இன்று நிற்கும் சம்பா கோயில் 1791இல் கட்டி முடித்தது. அதற்கு முன்பிருந்த கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே உட்காரவைக்க ஒரு சுவர் இருந்தது. 1745இல் அந்த மக்கள் சாமியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிபட்டது. அப்போது புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சுவர் இருந்தவரை உள்ளே பூசை அமைதியாகத்தான் நடந்திருக்கும். கேட்கப் போனவர்களைக் கலகக்காரர்கள் என்றுதான் பலர் பேசியிருப்பார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கோயிலில் சமாதானம் பண்ணியவர்கள் அவர்கள்தான்.

இப்போது எங்கள் அன்பியக் கூட்டத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்கள் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டத்தில், மன்றாட்டு சொல்லும்போது உக்ரைனுக்கும் காசாவுக்கும் வேண்டிக்கொள்கிறோம். கட்டாயம் வேண்ட வேண்டும், நானும் மனமுருகித்தான் வேண்டுகிறேன். கூடவே இன்னொரு கேள்வியையும் கூட்டத்தில் கேட்கலாம் என்று போன வாரம் சொன்னேன்: நம் தெருவில் எந்த இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை இல்லை? யார் போய் அந்தத் திண்ணையில் உட்காரப்போகிறோம்? கிறிஸ்தவர் வீடாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓர் அம்மா, தையல் வேலை செய்கிறவர், கையைத் தூக்கி எங்கள் தெருக்கோடியில் இருக்கும் இரண்டு வீடுகளைச் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் ரவிக்கை தைப்பவர் அவர். புதன்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறார். துணைக்கு நானும் போகிறேன்.