போன் வந்தா எடுக்காதே

பெரியப்பா: டேய் குமரா, டிவில யாருடா இவங்க? கடைசிப் பந்திக்கு ஓடணும், ஓடினா மரியாதை போயிடும்ங்கிற மாதிரி இடுப்பை ஆட்டிக்கிட்டுப் போறாங்க!

குமரன்: நடைப் போட்டி பெரியப்பா. ஓடினா வெளிய அனுப்பிடுவாங்க. எப்பவும் ஒரு கால் தரையில இருக்கணும். முன்னங்கால் தரையைத் தொட்டதுல இருந்து, உடம்பு அதுக்கு நேர் மேல வர்ற வரைக்கும் முட்டி மடங்கக் கூடாது.

பெரியப்பா: பூ! (எழுந்து நாலு எட்டு வைக்கிறார்) ஐயோ, முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் பிடிச்சு இழுக்குதே!

குமரன்: விரலைத் தூக்கிக் குதிகாலை வச்சா அங்கதான் முதல்ல பிடிக்கும். இடுப்பையும் திருப்புங்க. எட்டு நீளும், பாதம் ஒரே கோட்டுல விழும்.

பெரியப்பா: இந்த வயசுல இடுப்பைத் திருப்பினா திரும்பினபடியே நின்னுரும். என்ன வேகத்துல போவாங்க?

குமரன்: போலந்துக்காரர் ராபர்ட் கோர்ஜெனியோவ்ஸ்கி, 2000 சிட்னி ஒலிம்பிக்ல 20 கிலோமீட்டரை 1 மணி 18 நிமிஷம் 59 விநாடியில முடிச்சார். கிலோமீட்டருக்கு 4 நிமிஷம் கூட ஆகலை. ஒரு வாரத்துல 50 கிலோமீட்டர் தங்கமும் அவருக்கே.

பெரியப்பா: எல்லாரையும் முந்திட்டான்னு சொல்லு.

குமரன்: அதான் இல்ல. 20 கிலோமீட்டர்ல முதல்ல கோட்டைத் தாண்டினது மெக்சிகோவோட பெர்னார்டோ செகுரா. அவங்க நாட்டு அதிபர் போன்ல வாழ்த்திக்கிட்டு இருக்கார், நடுவர் சிவப்பு அட்டையோட வந்து நிக்கிறார்!

பெரியப்பா: அடப்பாவி! கோட்டைத் தாண்டின பிறகா?

குமரன்: அப்ப இருந்த விதிப்படி, மூணு வேற வேற நடுவர் சிவப்பு அட்டை எழுதினா ஆள் அவுட். மூணாவது அட்டை வந்து சேர்றதுக்குள்ள நடந்து முடிச்சிட்டா, அப்புறம்தான் வந்து சொல்லுவாங்க.

பெரியப்பா: ஒரே ஆள் மூணு எழுதலாமா?

குமரன்: கூடாது.

பெரியப்பா: அப்ப ஒருத்தருக்கு நம்மளைப் பிடிக்கலைன்னாலும் தப்பிச்சுக்கலாம். கேமரால பாக்க மாட்டாங்களா?

குமரன்: வெறும் கண்ணுதான். கேமராவை மெதுவா ஓட்டிப் பாத்தா நிறைய பேருக்கு ரெண்டு காலும் காத்துல இருக்கும். கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் அது நடை.

பெரியப்பா: நல்லா இருக்குடா நியாயம்!

குமரன்: சிக்கல் கடைசியிலதான். களைச்சா முட்டி தளரும், வேகம் கூட்டினா கால் தரையை விடும். அதே சிட்னில ஆஸ்திரேலியாவோட ஜேன் சாவில், சொந்த ஊர்க் கூட்டம் கத்துது, முதல் ஆளா ஸ்டேடியத்துக்குள்ள நுழையப் போறாங்க. வாசல்லயே சிவப்பு. 2004 ஏதென்ஸ்லதான் வெண்கலம் கிடைச்சுது. கோர்ஜெனியோவ்ஸ்கிக்கும் 1992 பார்சிலோனா 50 கிலோமீட்டர்ல இதே கதி. ரெண்டாவதா வந்துக்கிட்டு இருந்தார், ஸ்டேடியம் வாசல்ல வெளியேத்திட்டாங்க.

பெரியப்பா: அதோட விட்டானா?

குமரன்: 1996, 2000, 2004, மூணு ஒலிம்பிக்லயும் 50 கிலோமீட்டர் தங்கம்! இப்ப விதியும் கொஞ்சம் இளகியிருக்கு. மூணு சிவப்பு வாங்கினா, 20 கிலோமீட்டர்னா 2 நிமிஷம் ஓரமா நிறுத்துவாங்க. நாலாவதுக்குத்தான் வீட்டுக்கு.

பெரியப்பா: சரி, முட்டியை மடக்காம அடுக்களை வரைக்கும் போய்ப் பாக்கிறேன். (விறைப்பாக நடக்கிறார். மேசையில் போன் அடிக்கிறது.)

குமரன்: பெரியப்பா, உங்களுக்குத்தான் போன்!

பெரியப்பா: எடுக்காதடா! முதல்ல வாசல்ல யாராவது அட்டையோட நிக்கிறாங்களான்னு பாரு!