பாயாமல் விட்டதற்கும் ஒரு கைதட்டு

நாலு சுற்றுச் சுழன்று இறங்காதவனுக்கு ஒலிம்பிக் தங்கம் கொடுக்கலாமா? 2010இல் வன்கூவரில் தொடங்கிய இந்தச் சண்டை, ஐஸில் சறுக்கி ஆடும் பிகர் ஸ்கேற்றிங் பார்க்கிற இரண்டு பேர் சேர்ந்தால் இன்றைக்கும் வந்துவிடும். ரஷ்யாவின் எவ்கேனி புளுஷென்கோ குவாட், அதாவது அந்த நாலு சுற்றுத் தாண்டல், பாய்ந்தார். அமெரிக்காவின் இவான் லைசாசெக் பாயவே இல்லை. தங்கம் லைசாசெக்குக்குப் போனது. வித்தியாசம் வெறும் 1.31 புள்ளி.

நான் லைசாசெக்கின் பக்கம். தன்னிடம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். இருப்பதைச் சுத்தமாகச் செய்தார். கால் களைத்துப்போகிற பின்பாதியில் தாண்டல்களை அடுக்கினார், ஏனென்றால் பின்பாதித் தாண்டலுக்கு 10 வீதம் கூடுதல் என்பது அந்தக் காலத்து விதி. விதியைப் படித்துவிட்டு வந்தவர் வென்றார். அதில் என்ன பிழை?

கிளிநொச்சியில் இருக்கிறவனுக்கு ஐஸில் ஆடுகிறவர்களோடு என்ன தொடர்பு என்று சில பேர் கேட்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகள் அனுப்பிய வீடியோக்களால்தான் இந்த விளையாட்டு எனக்குப் பிடித்தது. யப்பானின் யுசுரு ஹன்யூ 2012இலிருந்து பயிற்சி எடுத்ததும் அந்த நகரத்தில்தான். அதோடு நான் பின்னேரங்களில் கோலூன்றிப் பாயும் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்பவன். அந்தப் போட்டியில் எந்த உயரத்தில் தொடங்குவது, எந்த உயரத்தை ‘பாஸ்’ சொல்லி விடுவது என்பதைப் பாய்கிறவர்தான் சொல்ல வேண்டும். ஆசைப்பட்டு உயரத்தில் தொடங்கி மூன்று முறையும் தட்டிவிட்டால் ஒரு சென்ரிமீற்றர்கூடப் பதிவாகாது. மிகவும் கீழே தொடங்கினால், பெரிய உயரம் வரும்போது உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. ஸ்கேற்றர்கள் போடும் கணக்கும் இதேதான்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2018இல் வந்த விதிப்படி குவாட் லட்ஸ் என்ற தாண்டலின் அடிப்படைப் புள்ளி 11.50. அதையே மூன்று சுற்றாகப் பாய்ந்தால் 5.90. ஏறத்தாழ இரட்டிப்பு, சரி. ஆனால் நாலு சுற்றையும் முடித்துவிட்டு இறங்கும்போது விழுந்தால், நடுவர்கள் தரத்துக்காகப் பாதியை வெட்டுவார்கள். விழுந்ததற்கு இன்னொரு புள்ளி போகும். மிஞ்சுவது 4.75. மூன்று சுற்றைச் சுத்தமாக இறக்கியவர் அதைவிட மேலே நிற்பார், தரப்புள்ளியும் அவருக்குச் சேரும். ஒருவர் குறு நிகழ்ச்சி, நீள நிகழ்ச்சி என்று இரண்டு ஆட வேண்டும். நீள நிகழ்ச்சி அந்த விதிப்படி ஏறக்குறைய 4 நிமிடம், அதற்குள் 7 தாண்டல்கள். மூன்றாவதில் விழுந்தவர் ஐந்தாவதை மாற்றுவதா விடுவதா என்று, இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே, மூச்சு வாங்கியபடி முடிவெடுக்க வேண்டும்.

இது ஒரு நாள் கணக்கு. பருவம் முழுவதற்கும் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒக்ரோபர், நவம்பரில் கிறான்ட் பிறீ என்ற தொடரில் ஆறு போட்டிகள். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு. அதில் சேர்த்த புள்ளிகளில் முதல் ஆறு பேர் டிசம்பர் இறுதிப்போட்டிக்குப் போவார்கள். பிறகு தேசியப் போட்டி, ஐரோப்பிய அல்லது நான்கு கண்டப் போட்டி, மார்ச்சில் உலகப் போட்டி. நாலு வருடத்துக்கு ஒருமுறை பெப்ரவரியில் ஒலிம்பிக் வேறு. எல்லாவற்றிலும் உச்சத்தில் நிற்க எந்த உடம்பாலும் ஏலாது. எதை விடுவது என்பதுதான் அந்தப் பருவத்தின் பெரிய முடிவு.

2017 நவம்பரில் ஹன்யூ பயிற்சியில் குவாட் லட்ஸ் பாயப்போய் வலது கணுக்காலைக் காயப்படுத்தினார். ஆடவிருந்த கிறான்ட் பிறீ போட்டியிலிருந்து விலகினார், அதோடு இறுதிப்போட்டியும் போனது. யப்பான் தேசியப் போட்டியை விட்டார். ஒலிம்பிக் குழுப் போட்டியிலும் இறங்கவில்லை. இடையில் ஒரு போட்டியும் ஆடாமல் 2018 பெப்ரவரியில் கொரியாவில் நேரே ஐஸில் வந்து நின்றார். காயப்படுத்திய குவாட் லட்ஸை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார். குவாட்டில் நம்பிக்கையான சல்கோ, ரோ லூப் என்ற வேறு இரண்டு வகைத் தாண்டல்களை வைத்துக்கொண்டு தங்கம் எடுத்தார். ஆண்கள் தனிப்பிரிவில் அடுத்தடுத்த ஒலிம்பிக்குகளில் தங்கம் எடுத்தவர், 1952இல் அமெரிக்காவின் டிக் பட்டனுக்குப் பிறகு அவர்தான்.

அதற்கு நாலு வருடம் முன்பு சோச்சியில் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. ரஷ்யாவுக்கு ஆண்கள் பிரிவில் ஒரே ஒரு இடம். தேசியப் போட்டியில் வென்றவர் இளைஞர் மக்சிம் கொவ்ருன். இடம் கிடைத்தது புளுஷென்கோவுக்கு. அவர் குழுப் போட்டியில் இரண்டு நிகழ்ச்சிகளையும் ஆடினார், ரஷ்யா தங்கம் எடுத்தது. பிறகு தனிப்போட்டியின் குறு நிகழ்ச்சிக்கு முன், ஐஸில் சூடேற்றிக்கொண்டிருந்தபோதே முதுகு ஒத்துழைக்காமல் விலகினார். அந்த நேரத்தில் வேறு ஆளைப் போட வழியில்லை. புளுஷென்கோவின் வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வென்றுவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெடியனின் பருவத்தை மற்றவர்கள் எழுதிவிட்டார்கள்.

இங்கேயும் அதுதான் நடக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கும் பருவம் இருக்கிறது. இல்ல மெய்வல்லுநர் போட்டி, பிறகு கோட்டம், வலயம், மாகாணம், தேசியம். இடையில் கழகப் போட்டி, பிரதேச செயலகப் போட்டி. நன்றாக ஓடுகிற பிள்ளை என்றால் 1500 மீற்றரும் அவனே, 5000மும் அவனே, பின்னேரம் அஞ்சலோட்டத்திலும் அவனே. வன்னி வெயிலில்.

ஒரு போட்டியில் பார்த்ததைச் சொல்கிறேன், பாடசாலையின் பெயர் வேண்டாம். பெடியன் கணுக்காலில் கிரேப் பண்டேஜ் சுற்றிக்கொண்டு பாய் மாதிரி விரித்த சாக்கில் இருந்தான், சித்தாலேப தைலம் மணந்தது. கால் சப்பாத்துக்குள் போகவில்லை, கயிற்றை முழுதாகக் கழற்றி நாக்கை வெளியே இழுத்து விட்டிருந்தான். “சேர், கால் ஏலாது” என்றான். சுற்றி நின்றவர்கள் விடவில்லை. “ஒருக்காப் பாய்ஞ்சிட்டு வாடா, பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு புள்ளி வரும்.” எழும்பி ஓடினான். பாய்ந்தான், கம்பைத் தட்டினான், பிழையாக விழுந்தான். அடுத்த சுற்றுக்கு அவன் தகுதி பெறக்கூடியவன். அந்தச் சுற்றின்போது அவன் வேலியோரம் நின்று பார்த்தான். தகப்பன் கூலி வேலைக்குப் போய்வந்த காசில் வாங்கிக் கொடுத்த சப்பாத்து அது.

அப்படியானால் எல்லாவற்றையும் பிள்ளையிடமே விட்டுவிடலாமா? அதற்கும் என் பதில் இல்லை என்பதுதான். 2014 நவம்பரில் சாங்காயில் நடந்த கிறான்ட் பிறீ போட்டியில், சூடேற்றும் நேரத்தில் ஹன்யூவும் சீனாவின் யான் ஹானும் முழு வேகத்தில் மோதி விழுந்தார்கள். ஹன்யூ தலையில் கட்டுப்போட்டுக்கொண்டு வந்து நீள நிகழ்ச்சியை ஆடினார். ஐந்து முறை விழுந்தார். இரண்டாம் இடம் வந்தார். இறுதிப்போட்டி இடத்துக்காக மூன்று வாரத்தில் மறுபடி ஆடி நாலாமிடம் பிடித்து, கடைசி ஆளாகத் தகுதி பெற்று, பார்சிலோனாவில் இறுதிப்போட்டியை வென்றார். அந்தச் சாங்காய் வீடியோவை வீரம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். என்னால் அதை ரசிக்க முடியவில்லை. 19 வயதுப் பெடியன் ஆடுவேன் என்றுதான் சொல்வான். ஒரு பெரிய ஆள் கதவில் நின்று மறித்திருக்க வேண்டும். கடைசியில் வென்றார் என்பதால் அன்றைய முடிவு சரியாகிவிடாது.

காலும் தலையும் ஒன்றல்ல. அதே ஹன்யூ 2022இல் பெய்ஜிங்கில், 27 வயதில், அதுவரை போட்டியில் யாரும் இறக்காத, நாலரைச் சுற்றுத் தாண்டலான குவாட் அக்சலை முயன்றார். குறு நிகழ்ச்சியில் எட்டாமிடம். அக்சலில் விழுந்தார், நாலாவதாக முடித்தார். அது முழுக்க அவருடைய முடிவு, இரண்டு தங்கம் எடுத்த மனிசன் தன் ஆசைக்குச் செலவழித்த நிகழ்ச்சி, அதை நான் கும்பிடுவேன். அந்த வருடம் செப்டெம்பரில் அமெரிக்காவின் இலியா மலினின் லேக் பிளாசிட்டில் அதே அக்சலை இறக்கிக் காட்டினார், வயது 17. அவரும் அதை எல்லாப் போட்டியிலும் பாய்வதில்லை.

அமெரிக்காவின் நெதன் சென் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 ஒலிம்பிக்கில் குறு நிகழ்ச்சி கவிழ்ந்து 17ஆம் இடம். இழக்க ஒன்றும் இல்லாத நிலையில் நீள நிகழ்ச்சியில் ஆறு குவாட் பாய்ந்து ஐந்தாமிடத்துக்கு ஏறினார். 2022இல் தங்கம் எடுத்தபோது நீள நிகழ்ச்சியில் வைத்தது ஐந்து. ஒன்று குறைவு, தங்கம் கையில்.

ஆகவே எங்கள் ஊர்ப் பாடசாலைகளிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. முதலாம் தவணை தொடங்கும்போதே பிள்ளையை இருத்தி, இந்த வருடம் எந்தப் போட்டிக்காக உடம்பை வைத்திருக்கிறாய், எதை விடுகிறாய் என்று கேட்டு எழுதி வையுங்கள். வலயத்தில் விட்டால் மாகாணம் இல்லை என்பது எனக்கும் தெரியும், அதனால் அந்த ஒன்றுக்காக மற்ற மூன்றை விடச் சொல்லுங்கள். ‘ஏலாது’ என்று சொன்ன பிள்ளையை அன்றைக்கு யாரும் தள்ளக் கூடாது. தலையில் அடிபட்டால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்காதீர்கள், வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வலயமட்டத்துக்கு முன் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் எழும்பி இதைக் கேட்கப்போகிறேன். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புகிற தாய் தகப்பன்மார் நாலு பேர் கூட எழும்பினால் அதிபரும் மறுக்கமாட்டார்.