வறண்ட காற்று காசநோயைத் தீர்த்ததா?
எகிப்தின் வறண்ட காற்று 19-ஆம் நூற்றாண்டின் விக்டோரியா காலத்து ஆங்கிலேயக் காசநோயாளிகளைக் குணப்படுத்தியது என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 1862-இல் நுரையீரல் நோயோடு அங்கு சென்ற ஆங்கில எழுத்தாளர் லூசி டஃப் கார்டன், லக்சர் நகரின் பழங்காலக் கோயிலின் மேல் கட்டப்பட்டிருந்த பழைய வீட்டில் தங்கி, தம் நோயையும் பொருட்படுத்தாமல் ஊர்மக்களுக்குத் தாமே மருந்து கொடுத்து வந்தார். 1864-இல் கொள்ளைநோய் பரவியபோதும் அந்தப் பணியை அவர் கைவிடவில்லை. அந்தக் காற்று அவருக்குச் சில ஆண்டுகளைக் கூட்டித் தந்திருக்கலாம். ஆனால் நோய் தீரவில்லை, 1869-இல் தமது 48-ஆம் வயதில் கெய்ரோவில் காலமானார். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோச் கண்டறிந்ததாக அறிவித்ததே 1882-இல்தான் என்பதால், இடமாற்றத்தைப் பரிந்துரைத்த மருத்துவர்களை நான் குறை கூற மாட்டேன். எனினும், பிழைத்துத் திரும்பியவர்களோடு சேர்த்து, உடல்நலம் நாடி எகிப்தும் பாலஸ்தீனமும் கடந்து சென்று 1862 மே மாதம் டமாஸ்கஸில் டைபாய்டு காய்ச்சலால் 40 வயதில் மறைந்த வரலாற்றாசிரியர் ஹென்றி தாமஸ் பக்கிள் போன்றோரையும் கட்டுரையாளர் கணக்கில் கொண்டிருக்க வேண்டும்.